ட்ரூஸ் சாப்பிடாத பத்து வாரம்

ஹென்னி வோல்பர்ஸுக்கு நாய் என்றால் ஆகாது. காம்பன் ஊரில் முப்பத்தோரு வருஷம் சைக்கிளில் தபால் போட்டவளுக்கு நாய் மேல் எங்கிருந்து பாசம் வரும்? இடது கெண்டைக்காலில் ஒரு கடி, வலது மணிக்கட்டில் ஒரு கடி. மூன்றாவது கடியை அவள் யாருக்கும் காட்டுவதில்லை. பூனை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே அவளுக்கு மூச்சு இழுக்கும். கிளி வளர்க்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால், "காலையில எனக்கு முன்னாடி வீட்ல யாரும் பேசக் கூடாது" என்று வாயை அடைத்துவிடுவாள். ஆகவே ஐம்பத்தொன்பதாவது வயதில் வீட்டில் ஓர் உயிர் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியபோது மிச்சம் இருந்தவை மீனும் பாம்பும்தான். மீனை அவளுக்குத் தட்டில்தான் பிடிக்கும்.

அந்த ஆசை ஏன் வந்தது என்பதை அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அவள் கணவன் லுப்பர்ட், பால் ஏற்றும் லாரி ஓட்டியவன். ஒரு மார்ச் மாதக் காலையில், ஒரு பண்ணை வாசலில் லாரியை ஒழுங்காக நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டு, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, அப்படியே ஸ்டியரிங் மேல் சாய்ந்து போய்விட்டான். சாகும்போதுகூட யாருக்கும் இடைஞ்சல் தராத மனிதன். ஹென்னி ஐந்து நாள் முன்னறைத் திரையை இழுத்து மூடி வைத்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் காலை திறந்தாள். எங்கள் தெருவில் அப்படித்தான்.

எங்கள் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னறையில் சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. திரைகள் உண்டு, ஆனால் அவை இரண்டு ஓரத்திலும் அழகுக்குத் தொங்குபவை. யாரும் இழுப்பதில்லை. இழுத்தால் உள்ளே சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மறைக்க ஏதோ இருக்க வேண்டும். வீட்டில் எது நல்லதோ அது கண்ணாடி ஓரத்துக்கு வந்துவிடும். பூச்செடி, விளக்கு, வெண்கலக் குதிரை, பேரன் படம். போகிறவர்கள் பார்ப்பார்கள், உள்ளிருப்பவர்கள் கையசைப்பார்கள். ஹென்னிக்கு இது எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். யார் வீட்டுச் சோபா மாறியது, யார் வீட்டு நாற்காலி காலியானது என்பதெல்லாம் தபால் போடுகிறவள் கண்ணில் படாமல் போகுமா?

லுப்பர்ட் போன பிறகு அவள் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குக் கண்ணாடி ஓர மேஜையில் வந்து உட்காருவாள். இரண்டு துண்டு ரொட்டி, ஒன்றில் சீஸ், ஒன்றில் ஜாம். கத்தியும் முள்கரண்டியும் வைத்து, முதுகு நிமிர்த்திச் சாப்பிடுவாள். போகிற வருகிறவர்களுக்குக் கையசைப்பாள். ஹென்னி நன்றாகத் தாங்கிக்கொண்டாள் என்று தெருவே சொன்னது. நானும் சொன்னேன்.

பாம்பு யோசனை வந்தது ரூர்ட் வீட்டுத் தபாலால். ரூர்ட் நாற்பது வயதுக்காரன், ஃபிரீஸ்லாந்துப் பக்கத்தான், வாய்க்கால் ஓரம் தனி வீட்டில் இருந்துகொண்டு பாம்பு வளர்த்து விற்பவன். அவனுக்கு வெப்பப் பாய், தேங்காய் நார்த் தூள் மூட்டை, வெப்பமானி என்று வாரம் இரண்டு பார்சலாவது வரும். பார்சல் வாங்கும்போது சில நாள் அவன் கழுத்தில் ஒரு பாம்பு கிடக்கும். அது குரைத்ததில்லை, மேலே பாய்ந்ததில்லை, ஹென்னியைத் திருடியைப் போலப் பார்த்ததுமில்லை. அதுவே அவளுக்குப் பெரிய மரியாதையாகத் தோன்றியது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, தபால் இல்லாத நாளில், அவள் வெறுங்கையோடு போய் மணி அடித்தாள்.

"என்ன போஸ்ட்டம்மா, இன்னிக்கு லீவுதானே? பார்சல் எங்க?"

"பார்சல் இல்ல. பாம்பு பாக்க வந்தேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஏன், என் மூஞ்சிக்கு பாம்பு ஒத்து வராதா?"

"உங்க மூஞ்சிக்கு என்ன, முதலையே ஒத்து வரும். உள்ள வாங்க."

பின்புறக் கொட்டகையில் ஜன்னலே கிடையாது. சுவர் முழுக்க இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு, ஒவ்வொன்றின் முகப்பிலும் ஓர் அட்டை. என்றைக்குச் சாப்பிட்டது, என்றைக்குச் சட்டை உரித்தது, எத்தனை கிராம் என்று எல்லாம் அதில் இருந்தது. தன் தபால் அலமாரியைவிட ஒழுங்காக இருந்ததைப் பார்த்து ஹென்னிக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

"முதல் பாம்பு வாங்குறவங்க கலர பாத்து மயங்கிடுவாங்க" என்றான் ரூர்ட். "நீங்க டாக்டர் மாதிரி பாருங்க. கண்ணு தெளிவா இருக்கா? மூக்குல நுரை இருக்கா? மூச்சு விடறப்ப விசில் கேக்குதா? பழைய தோல் எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கா? கையில எடுத்தா ஈரத்துணி மாதிரி தொங்கக் கூடாது, புடிமானம் இருக்கணும். எல்லாத்துக்கும் மேல, இந்த அட்டையப் பாருங்க. ஒழுங்கா சாப்பிட்டிருக்கணும்."

முதலில் ஓர் ஆரஞ்சு நிறப் பாம்பைக் கையில் கொடுத்தான். சோளக் காட்டுப் பாம்பாம். அது ஹென்னியின் சட்டைக் கைக்குள் புகுந்து கழுத்து வழியாக வெளியே வந்து தோளிலிருந்து அலமாரிக்குத் தாவப் பார்த்தது.

"எதையும் சாப்பிடும், எதுக்கும் பயப்படாது. முதல் பாம்புன்னா எல்லாரும் இதத்தான் வாங்குவாங்க."

"எங்க அத்தை ஒருத்தி இப்படித்தான். எங்க வீட்டுக்கு வந்தா ஒரு நாற்காலில ஒழுங்கா உக்கார மாட்டா. வேற காட்டு."

அடுத்ததாக வந்தது ஆப்பிரிக்காவின் குட்டை மலைப்பாம்பு. வயது பதினோரு மாதம், பழுப்பும் கறுப்புமாகத் தடித்த உடம்பு. கையில் வைத்ததுமே அது தலையை நடுவில் புதைத்து, உடம்பை அதன் மேல் சுற்றிச் சுற்றி இறுக்கி, ஒரு பந்தாகிவிட்டது. ஹென்னி அதைத் திறக்கப் பார்க்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் குவித்துக் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு பந்தின் இடுக்கிலிருந்து மூக்கு ஒன்று ஓர் அங்குலம் வெளியே வந்தது. நாக்கு அவள் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தது. அந்தத் தொடுதலில் விவகாரம் முடிந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது.

ரூர்ட் தலையைச் சொறிந்தான். "குணம் தங்கம். அட்டையப் பாருங்க, ஒரு வேளை தப்பாம சாப்பிட்டிருக்கா. நானூத்தி பன்னண்டு கிராம். ஆனா இந்த ஜாதிக்கு கூச்சம் ஜாஸ்தி. பயந்துட்டா மாசக்கணக்குல வாயத் தொறக்காது."

"என் வீட்ல பயப்படறதுக்கு என்னப்பா இருக்கு? நான் ஒருத்திதான் இருக்கேன்."

"அப்ப சரி. ஆனா வீடு முதல்ல, பாம்பு அப்பறம். கூண்டு செஞ்சு, சூடு போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு வாங்க. அதுக்குள்ள இவள யாருக்கும் குடுக்க மாட்டேன்."

கூண்டு செய்தவன் ஹார்ம். லுப்பர்ட்டின் தம்பி, தச்சன். பாம்பு என்றதும் அவன் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணி, அண்ணன் இருந்திருந்தா இதுக்கு சம்மதிச்சிருப்பானா?"

"உங்கண்ணன் ஒரு சுண்டெலியப் பாத்துட்டு கட்டில் மேல ஏறி நின்ன ஆளு. எலியத் திங்கிற ஒருத்தி வீட்டுக்கு வர்றான்னா வாசல்ல நின்னு கை குடுத்திருப்பான்."

ஹார்ம் கோப்பையை எடுத்துக் காபியைக் குடித்து முடித்தான். ரூர்ட் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு அளவெடுத்தான். நீளம் நூற்றிருபது சென்டிமீட்டர், அகலம் அறுபது, உயரம் அறுபது. இடது பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, வலது பக்கம் இருபத்தைந்து. சூடு கூடினால் தானே அணைந்துகொள்ளும் கருவி ஒன்று. உடம்பு முழுக்க முங்கும் அளவுக்குத் தண்ணீர்த் தொட்டி. சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ச்சிப் பக்கம் ஒன்று என்று ஒளிந்துகொள்ள இரண்டு பொந்து. பொந்து பெரிதாக இருக்கக் கூடாது, சுவர் உடம்பில் உரச வேண்டும், அப்போதுதான் அதற்குத் தைரியம். கீழே இரண்டு அங்குலத்துக்குத் தேங்காய் நார்த் தூள்.

எங்கே வைப்பது என்பதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. மாடிப்படி எங்கள் வீடுகளில் ஏணிக்கு அண்ணன், அதில் அந்தக் கூண்டு ஏறாது. அடுப்படியில் இடமில்லை. பின்பக்கம் தோட்டக் கதவு, குளிர்காற்று. முன்னறைதான். முன்னறை என்றால் கண்ணாடி ஓரம்தான். ஜன்னல் வடக்குப் பார்த்தது, வெயில் நேராக விழாது. ரூர்ட் தொலைபேசியில் கேட்டதும் அதைத்தான். "வெயில் படுமா?" "படாது." "அப்ப நல்ல இடம்."

தவறு ஹார்ம் கையில் நடந்தது. அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது, எங்கள் தெருவில் யார் செய்தாலும் அதையே செய்திருப்போம். கூண்டுக்கு அறைப் பக்கம் கண்ணாடி வைத்தான். பிறகு தெருப்பக்கம் நின்று பார்த்தான். வெறும் பலகை தெரிந்தது.

"அண்ணி, தெருவுக்கு முதுகக் காட்டி வெச்சா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்காதுதான்."

"அந்தப் பக்கமும் கண்ணாடி போட்டுடறேன். உங்களுக்கு ஒரு பக்கம், தெருவுக்கு ஒரு பக்கம்."

செப்டம்பர் முதல் வாரம் பாம்பு வந்தது. ட்ரூஸ் என்று பெயர் வைத்தாள். எங்கள் ஊரில் அது எழுபது வயதுப் பெண்களுக்கு இருக்கும் பெயர். ஒரு வாரம் கையில் எடுக்கக் கூடாது என்று ரூர்ட் சொல்லியிருந்தான், அவளும் எடுக்கவில்லை. எங்களுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தினார்கள். நாயோடு நடப்பவர்கள் நின்றார்கள். ரொட்டிக் கடைக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து பார்த்தார். ஹென்னி வெள்ளிக்கிழமை தோறும் கண்ணாடியில் மூக்குத் தடங்களைத் துடைத்தாள். துடைக்கும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. காலியாகக் கிடந்த ஜன்னலுக்கு இரண்டரை வருஷம் கழித்து மறுபடியும் ஆள் வருகிறார்கள்.

எட்டாம் நாள், சாயங்காலம் ஐந்தரைக்கு, உறைந்த சுண்டெலியை வெந்நீரில் இளக்கி, துடைத்து, நீண்ட இடுக்கியில் வாலைப் பிடித்துப் பொந்து வாசலில் காட்டினாள். ட்ரூஸ் பார்த்தது. நாக்கை நீட்டியது. பின்வாங்கிப் பொந்துக்குள் போய்விட்டது.

"புது இடம், அப்படித்தான் இருக்கும்" என்றான் ரூர்ட் தொலைபேசியில்.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். ஹென்னி தினமும் இரண்டு முறை வெப்பம் எழுதினாள், ஈரப்பதம் எழுதினாள். வீட்டில் கடிதம் நிறுக்கும் தராசு ஒன்று இருந்தது. அதில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து ட்ரூஸை நிறுத்தாள். முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. முந்நூற்று எண்பத்தொன்று. முதுகெலும்பு லேசாக மேலே தெரிய ஆரம்பித்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

ரூர்ட் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டான். சூடு? சரி. ஈரம்? சரி. பொந்து? இரண்டும் இருக்கு. எலி வெதுவெதுப்பா இருக்கா? இருக்கு. "துணி போட்டு மூடிப் பாருங்க, ரெண்டு நாள் யாரும் தொந்தரவு பண்ணாம இருக்கட்டும்" என்றான்.

ஹென்னி தெருப்பக்கக் கண்ணாடியில் ஒரு மேஜை விரிப்பைத் தொங்கவிட்டாள். அது ஒன்றரை நாள்தான் தாக்குப்பிடித்தது. முதல் நாள் ரொட்டிக் கடைக்காரர் மணி அடித்து, "செத்துப் போச்சா?" என்று கேட்டார். பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேர் கதவைத் தட்டி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கித் தன் அனுதாபத்தைத் தெரிவித்தார். மறுநாள் மத்தியானம் ஹென்னிக்கே கூச்சமாகிவிட்டது. விருந்தாளிகள் முகத்தில் கதவைச் சாத்துவது போல ஒரு சங்கடம். விரிப்பை எடுத்து மடித்து வைத்துவிட்டாள்.

நவம்பர் நடுவில், பத்தாவது வாரம், தராசு முந்நூற்று ஐம்பத்தொன்று காட்டியது.

"முந்நூத்தம்பதுக்கு கீழ போனா வளர்ற குட்டிக்கு ஆபத்து" என்றான் ரூர்ட். "சனிக்கிழமை எடுத்துட்டு வந்துடுங்க போஸ்ட்டம்மா. நான் இங்க இழுப்பறையில வெச்சு தேத்திடறேன். உங்களுக்கு அந்த ஆரஞ்சுக்காரிய தர்றேன். அது கல்லையும் முழுங்கும்."

"எம் புருஷன் போனப்பவும் நாலு பேர் இப்படித்தான் சொன்னாங்க. வேற பாத்துக்கலாம்னு."

"நான் அப்படிச் சொல்லல" என்றான்.

"தெரியும்பா. சனிக்கிழமை கொண்டு வர்றேன்."

வெள்ளிக்கிழமை தபால் வேலை முடிந்து நாலரைக்கு வந்து, இருட்டுவதற்குள் கண்ணாடி துடைத்துவிடலாம் என்று வாளியோடு வெளியே நின்றாள். மறுநாள் இந்த ஜன்னலில் ஒன்றும் இருக்காது என்ற நினைப்பில் கை மெதுவாகத்தான் ஓடியது. எதிர்வீட்டு ஆல்பர்டின் துடைப்பத்தோடு தெருவைக் கடந்து வந்தாள். எழுபத்துமூன்று வயது, பதினைந்து வருஷமாகத் தனியாள். தெருவில் இலை ஒன்று விழுந்தாலும் ஆல்பர்டினுக்குத் தெரிந்துதான் விழும்.

"உன் பாம்பு ரொம்ப சமத்துடி ஹென்னி."

"நாளைக்கு திருப்பிக் குடுக்கப் போறேன் அக்கா. சாப்பிட மாட்டேங்குது."

"அடப் பாவமே. நான் தினம் பாக்குறேன், அழகா பொந்துலருந்து தலைய மட்டும் நீட்டிக்கிட்டு தெருவப் பாத்துக்கிட்டு கெடக்கும். நீ அஞ்சரைக்கு வந்து உக்காருவ. நீயும் நேரா பாத்துக்கிட்டு சாப்பிடுவ. ரெண்டு பேரும் ஒரே மாதிரி, அசையவே மாட்டீங்க. என் மககிட்ட போன்ல சொன்னேன், ஹென்னி மாதிரி வராதுன்னு. லுப்பர்ட் போனதுலருந்து ஒரு நாள் கூட நீ முகம் வாடி நான் பாத்ததில்ல."

"ஒரு நாள் கூடவா அக்கா?"

"ஒரு நாள் கூட இல்ல. நான்தான் தினம் பாக்குறேனே."

ஆல்பர்டின் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். மனசாரச் சொன்னாள். அடுப்பில் சூப் கொதிக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். ஹென்னி ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஒரு நாள் கூட முகம் வாடாமல் இருப்பதற்கு என்ன பாடு படவேண்டியிருக்கிறது என்பது அவளுக்குத்தானே தெரியும். ஐந்தரைக்கு உட்காரும்போது முதுகு இறுகும், தாடை இறுகும். ரொட்டி தொண்டையில் நிற்கும், தண்ணீர் குடித்து இறக்குவாள். எட்டு மணிக்கு மாடிக்குப் போனால் உடம்பு அசதியில் அப்படியே விழுந்துவிடும். விடிகாலை ஐந்துக்கு எழுந்து தபால். இரண்டு வருஷம் எட்டு மாதம் இப்படி.

அவள் நடைபாதையில் மண்டியிட்டுக் கூண்டைப் பார்த்தாள். ட்ரூஸ் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கண் இமைக்காமல், நாக்குக்கூட ஆடாமல் இருந்தது. பிறகு வீட்டுக்குள் ஓடினாள். ஈரக்காலோடு கூண்டின் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தாழ்த்தி, ட்ரூஸின் உயரத்தில் வைத்துத் தெருவைப் பார்த்தாள். சைக்கிள் விளக்குகள் ஒவ்வொன்றாக முகத்தில் அடித்துவிட்டுப் போயின. யாரோ ஒருவர் நின்று குனிந்து, ஹென்னி அங்கே இருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். இந்தப் பக்கம் திரும்பினால் கூண்டின் அறைப் பக்கக் கண்ணாடியில் தன் முகமே பெரிதாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் முகங்கள். பத்து வாரமாக அந்தக் குட்டி தெருவை வேடிக்கை பார்க்கவில்லை, காவல் இருந்திருக்கிறது. காவல் இருக்கிறவள் எப்படிச் சாப்பிடுவாள்?

"நான் ஒரு முட்டாள்டி" என்றாள் ஹென்னி.

மேஜை விரிப்பு ஞாபகம் வந்தது. அதைப் போட்டால் மறுபடியும் மணி அடிப்பார்கள், மறுபடியும் தனக்குக் கூச்சம் வரும். இந்த முறை அரைகுறையாகச் செய்ய அவளுக்கு மனமில்லை. ஜன்னல் ஓரத்துக்குப் போய்த் திரையைப் பிடித்து இழுத்தாள். வளையங்கள் சிக்கின. முக்காலி போட்டு ஏறி ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள். தூசி கொட்டியது. ஐந்தே காலுக்குத் தெரு இல்லாமல் போய்விட்டது.

பத்து நிமிஷத்தில் மணி அடித்தது. ஆல்பர்டின் மேல் கோட்டுகூடப் போடாமல், கையில் மூடி போட்ட சட்டியோடு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"யாருடி?"

"யாரும் சாகல அக்கா."

"அப்ப திரை?"

"பாத்துக்கிட்டே இருந்தா அதுக்கு சாப்பாடு எறங்க மாட்டேங்குது."

ஆல்பர்டின் அதை யோசித்தாள். சட்டி கையில் கனத்திருக்க வேண்டும், ஆனால் அவள் கீழே வைக்கவில்லை.

"நான் பாத்ததாலயா?"

"எல்லாருந்தான் பாத்தோம். நானுந்தான்."

"உன்னை ஒருத்தரும் பாக்கலைன்னா நீ தனியா போயிட்டோம்னு நினைப்பியேன்னுதான்டி நான் தினம் பாத்தேன்." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "எங்க வீட்டுக்காரர் போனப்ப எங்கம்மா அப்படித்தான் சொன்னா. திரையத் தொறந்து வை, நாலு பேர் கண்ணுல படு, அப்பதான் நீ நிமிந்து நிப்பன்னு."

"நீங்க பாத்ததாலதான் அக்கா நான் நிமிந்து உக்காந்தேன். இல்லன்னா மொத வருஷமே படுத்திருப்பேன்." ஹென்னி அதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. எதிர்வீட்டு விளக்கு எரிகிறது, அங்கே ஒருத்தி பார்க்கிறாள் என்ற நினைப்பில்தான் அவள் பல நாள் தலையே சீவியிருக்கிறாள். "ஆனா இன்னிக்கு நிமிர முடியல."

ஆல்பர்டின் சட்டியை நீட்டினாள். பட்டாணி சூப், உள்ளே புகை போட்ட இறைச்சித் துண்டுகள். "துக்கமோன்னு பயந்து கொண்டு வந்தேன். சரி, சும்மாவே சாப்பிடு." படியிறங்கி இரண்டடி போய் நின்றாள். "ஒண்ணும் பாக்க மாட்டேன். கதவ சாத்திக்கோ."

ஹென்னி மேஜைக்குப் போகவில்லை. சோபாவில் காலைத் தூக்கிப் போட்டு, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய கரண்டியால் அப்படியே சாப்பிட்டாள். லுப்பர்ட் இப்படித்தான் சாப்பிடுவான், அடுப்படியில், யாரும் பார்க்காத நேரத்தில், சட்டியோடு. அவள் திட்டுவாள். மூன்றாவது வாயில் அவளுக்கு அழுகை வந்தது. கட்டுப்படுத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை. யாருக்காகக் கட்டுப்படுத்துவது? மூக்கு ஒழுக, வாய் கோணலாகி, சத்தம் போட்டு அழுதாள். அவன் பெயரைச் சொல்லி அழுதாள். லாரியை ஒழுங்காக நிறுத்திவிட்டுப் போனதற்காக அவனைத் திட்டி அழுதாள். அழுது முடித்து மிச்ச சூப்பையும் குடித்தாள். இரண்டரை வருஷத்தில் அவள் வயிறு நிறைந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

ஆறரை மணிக்கு ஒரு சுண்டெலியை எடுத்து வெந்நீரில் போட்டாள். கடைசி முயற்சி என்றெல்லாம் நினைக்கவில்லை. தான் சாப்பிட்டாயிற்று, அதுவும் பட்டினி கிடக்கிறதே என்று மட்டும் நினைத்தாள். எலியைத் துடைத்து, இடுக்கியால் ஆட்டிக் காட்டாமல், சூட்டுப் பக்கப் பொந்து வாசலில் ஒரு சின்னத் தட்டில் வைத்தாள். முன்னறை விளக்கை அணைத்தாள். நடையில் இருந்து வந்த கொஞ்சம் வெளிச்சம் போதுமாக இருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கூண்டுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துப் பழகிய கழுத்து அது. பின்னால் தேங்காய் நார்த் தூள் லேசாகச் சரசரத்தது. நின்றது. மறுபடி சரசரத்தது. ஹென்னி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, அவள் விடவில்லை. கால் மணி நேரம் போனது. அரை மணி நேரமும் போயிருக்கும்.

பொத் என்று ஒரு சத்தம். தட்டு பலகையில் உரசியது. பிறகு, உடம்பு சுற்றி இறுக்கும் மெல்லிய சத்தம், நிதானமாக, அவசரமில்லாமல்.

ஹென்னி திரும்பவில்லை. கண்ணீர் மறுபடி வந்தது, அதை அவள் துடைக்கவும் இல்லை. பின்னால் எல்லாம் அடங்கும் வரை அப்படியே இருந்தாள்.

"நன்றிடி" என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "இப்ப சாப்பிட்டதுக்குச் சொல்லல. இத்தன நாள் சாப்பிடாம இருந்தியே, அதுக்கு."